வெட்டிய முடிவுக்கே மீண்டும் மீண்டும் விலை: 'ஷோலே' ரசிகர்களின் ஐம்பது ஆண்டுகள்

புது தில்லி: 'ஷோலே' திரைப்படத்தின் பெயர்ப் பட்டியலில் இடம்பெற்றவர்களில் குறைந்தது ஐவர் நாடாளுமன்ற உறுப்பினர்களாகியிருக்கின்றனர். அமிதாப் பச்சன் 1984-ல் அலாகாபாதிலிருந்தும், தர்மேந்திரா 2004-ல் பிகானேரிலிருந்தும், ஹேமமாலினி 2014-ல் உத்தரப் பிரதேசத்தின் மதுராவிலிருந்தும் மக்களவைக்கு வந்தனர். ஜெயா பச்சன் 2004-ல் மாநிலங்களவைக்குத் தேர்வானார். திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவரான ஜாவேத் அக்தர் 2010-ல் அங்கு நியமிக்கப்பட்டார். திரைத்துறைக்காகக் குரல் கொடுக்க அவைகளில் ஆள் பஞ்சமே இல்லை. ஆனால், அதே படத்துக்கு அரை நூற்றாண்டாகத் திரும்பத் திரும்பப் பணம் கொடுத்த ரசிகனின் கணக்கு மட்டும் பதிப்புரிமைச் சட்டத்தில் ஏறவே இல்லை.

அந்தக் கணக்கு 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்குகிறது. மும்பை மினர்வா திரையரங்கில் படம் ஐந்து ஆண்டுகள் ஓடியது. வீட்டில் படம் பார்க்கும் வசதி பரவாத அக்காலத்தில், பாலிடார் நிறுவனம் படத்தின் வசனங்களையே இசைத்தட்டாக வெளியிட்டது. திரையரங்கில் பலமுறை பார்த்து வசனங்களை மனப்பாடம் செய்தவர்கள்தாம் அதையும் வாங்கினர். பின்னர் ஒலிநாடா, வீடியோ கேசட், விசிடி, டிவிடி என்று வரிசை நீண்டது.

இத்தனை வடிவங்களில் வாங்கியும் ரசிகனுக்கு முழுப் படம் கிடைத்ததா என்பதே கேள்வி. இயக்குநர் ரமேஷ் சிப்பி முதலில் எடுத்த முடிவில், கைகளை இழந்த தாக்குர் ஆணி பதித்த காலணியால் கப்பர் சிங்கை மிதித்துக் கொல்கிறார். அப்போது நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முன்னாள் போலீஸ் அதிகாரி ஒருவர் சட்டத்தைத் தன் கையில் எடுப்பதைத் தணிக்கையாளர்கள் ஏற்கவில்லை. கடைசி நேரத்தில் போலீஸ் வந்து கப்பரைக் கைது செய்வதாகக் காட்சி மாற்றப்பட்டது.

நெருக்கடி நிலை 1977 மார்ச்சில் விலகியது. வெட்டு விலகவில்லை. வெட்டப்படாத வடிவம் 1990-ல் பிரிட்டனில் வீடியோ கேசட்டாக வெளிவந்தது. அதன்பின் வந்த டிவிடிகள் இரு வகை. ஒன்று, 204 நிமிடங்கள் ஓடும் முழுக் கதை. ஆனால் அகன்ற திரை வடிவில் அல்ல. மற்றது அகன்ற திரைக்கானது. ஆனால் தணிக்கைக்கு உட்பட்ட 198 நிமிடங்கள். முடிவு வேண்டுமானால் திரையின் அகலத்தையும், அகலம் வேண்டுமானால் முடிவையும் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டும் வேண்டும் என்ற ரசிகர் இரண்டையும் வாங்கினார். வணிகத்துக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைப்பது அரிது.

இந்த நிருபரும் விதிவிலக்கல்ல. தில்லிக்கு வந்த புதிதில் ஒரு நடைபாதைக் கடையில் வாங்கியது மூன்று தகடுகள் கொண்ட விசிடி. இரண்டாவதை எடுத்து மூன்றாவதைப் போடும் இடைவெளியில் தேநீர் தயாராகிவிடும். அதிலும் கடைசியில் வந்தது போலீஸ்தான்.

2014 ஜனவரியில் முப்பரிமாண வடிவம் வெளியானது. அதைத் தடுக்க இயக்குநரே நீதிமன்றம் சென்றும் பலனில்லை. படத்தின் மூல நெகட்டிவ் மோசமாகச் சேதமடைந்துவிட்ட நிலையில், பிரிட்டனில் ஒரு கிடங்கிலிருந்து கிடைத்த படச்சுருள்களின் துணையுடன் ஃபிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷனும் சிப்பி ஃபிலிம்ஸும் படத்தை மீட்டெடுத்தன. 2025 ஜூன் 27-ல் இத்தாலியின் போலோன்யா நகரில் அது திரையிடப்பட்டது. டிசம்பர் 12-ல், தர்மேந்திரா மறைந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், அசல் முடிவுடன் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. ரசிகர்கள் மீண்டும் நுழைவுச் சீட்டு வாங்கினர்.

சட்டம் யாரைக் கவனித்தது? 2012 மே மாதம் இரு அவைகளும் நிறைவேற்றிய பதிப்புரிமைத் திருத்தத்தின்படி, படம் திரையரங்குக்கு வெளியே பயன்படுத்தப்படும்போது பாடலாசிரியர், இசையமைப்பாளர், கதாசிரியருக்கு உரிமைத் தொகையில் சம பங்கு உண்டு. ஜாவேத் அக்தர் போராடிப் பெற்ற நியாயம் அது. 2023-ல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம் கள்ளப் பிரதி எடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க வகை செய்கிறது. வாங்குபவருக்கு இருப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவு மட்டுமே. உரிமையாளரின் பெயர், முகவரி, தணிக்கைச் சான்றிதழின் நகல் ஆகியவை உறையில் இருக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. உள்ளே இருப்பது இயக்குநர் எடுத்த வடிவமா, வெட்டிய வடிவமா என்று சொல்ல வேண்டும் என அதில் ஒரு வரிகூட இல்லை.

ரவீந்திரநாத் தாகூரின் படைப்புகளுக்கான உரிமை 1991 இறுதியில் முடியவிருந்தபோது, பதிப்புரிமைக் காலம் ஐம்பது ஆண்டுகளிலிருந்து அறுபதாக உயர்த்தப்பட்டது. திரைப்படங்களும் அதில் பயன்பெற்றன. பழைய கணக்குப்படி 'ஷோலே' 2026 ஜனவரி 1-ல் பொதுச் சொத்தாகியிருக்க வேண்டும். இப்போது 2035 டிசம்பர் 31 வரை உரிமை நீடிக்கிறது.