அது பொறாமை இல்லடா... ஆதங்கம்!

‘எப்படிடா இருக்கே?’ன்னு யாராவது கேட்டா நம்ம பதில் என்ன? ‘செம டென்ஷன்’, ‘ஒரே ஃபீலிங்ஸ்’, ‘மூட் அவுட்’. இந்த மூணை வெச்சே நாலு வருஷ இன்ஜினீயரிங்கை ஓட்டிடறோம். நானும் அப்படித்தான் ஓட்டிட்டு இருந்தேன், போன மாசம் வரைக்கும்!

போன மாசம் கேம்பஸ் இன்டர்வியூ. நானும் என் தோஸ்த்தும் கடைசி ரவுண்டு வரைக்கும் போனோம். அவனுக்குக் கிடைச்சது. எனக்கு இல்லை. கை குடுத்தேன், சிரிச்சேன், ‘ட்ரீட் எப்போ மச்சி?’ன்னுகூட கேட்டேன். ஆனா, மாம்பலம் ஸ்டேஷன்ல மேற்குப் பக்கம் படியிறங்கி வீட்டுக்கு நடக்கும்போது நெஞ்சுக்குள்ள என்னவோ பிசைஞ்சுது. ‘சே, ஃப்ரெண்டு மேலயே பொறாமையா?’ என் மேலேயே எனக்கு வெறுப்பு. அவன் போனை எடுக்கவே இல்லை. முழுசா பத்து நாள்!

அயோத்யா மண்டபத்துல உபன்யாசம் கேட்டுட்டு வந்த பாட்டிகிட்ட ஒருநாள் கொட்டித் தீர்த்தேன். பாட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. “அவனுக்கும் கிடைக்காமப் போயிருந்தா ஒனக்கு சந்தோஷமா இருந்திருக்குமாடா?”

“சேச்சே... அதெப்படி பாட்டி?”

“அப்ப அது பொறாமை இல்லடா. ஆதங்கம்.”

யோசிச்சுப் பார்த்தா எவ்வளவு வித்தியாசம்! பொறாமைங்கிற வார்த்தைக்குள்ளேயே ‘பொறுக்க முடியாமை’ இருக்கு. அடுத்தவன் நல்லா இருக்கிறது நமக்குப் பொறுக்கலை. திருக்குறள்ல 17-வது அதிகாரமான ‘அழுக்காறாமை’ இந்தக் குணத்தைத்தான் கண்டிக்குது. ஏக்கத்துக்கு அடுத்தவன் தேவையே இல்லை, எனக்கு ஒண்ணு வேணும், அவ்வளவுதான். ஆதங்கம்? கைக்கு எட்டினது நழுவிப் போச்சேங்கிற மனக்குறை. பொறாமைன்னா திருத்திக்கணும். ஏக்கம்னா முயற்சி பண்ணணும். ஆதங்கம்னா யார்கிட்டயாவது சொல்லி ஆத்திக்கணும். நான் வியாதியைத் தப்பாக் கண்டுபிடிச்சு, மாத்திரையைத் தப்பா முழுங்கிட்டு இருந்திருக்கேன்!

இந்த ‘எதனால?’ங்கிற கேள்வியைத் தொல்காப்பியர் எப்பவோ கேட்டுட்டார். பொருளதிகாரத்துல ‘மெய்ப்பாட்டியல்’னு ஒரு இயல். உணர்ச்சிகளை எட்டாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் நாலு காரணம் சொல்றார். மொத்தம் 32. அழுகையையே எடுத்துக்குங்க... மத்தவங்க இழிவா நடத்தினாலும் அழுகை, இழப்பு வந்தாலும் அழுகை, இருந்த நிலை தாழ்ந்தாலும் அழுகை, வறுமையிலும் அழுகை. கண்ணீர் ஒண்ணுதான், காரணம் நாலு. நம்ம பாஷையில சொன்னா, ‘எரர்’னு மட்டும் வந்தா ப்ரோக்ராமைத் திருத்த முடியுமா? எந்த வரியில எரர்னு தெரியணும் இல்லையா?

அந்த எட்டுல ஒண்ணுக்குப் பேர் வெகுளி. இன்னிக்கு ‘வெகுளிப் பையன்’னா ஒண்ணும் தெரியாத அப்பாவி. அவர் காலத்துல அதுக்குக் கோபம்னு அர்த்தம்!

விஞ்ஞானமும் இதே பக்கம்தான். அமெரிக்காவுல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்துல மேத்யூ லீபர்மேன் குழு 2007-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கோபம், பயம் தெரியற முகங்களோட படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பேர் சொல்லச் சொன்னாங்க. பேர் சொன்னப்போ மூளையில பயத்துக்கான அலாரம் மாதிரி இருக்கிற ‘அமிக்டலா’வோட பரபரப்பு குறைஞ்சுது!

அன்னிக்கு சாயங்காலமே அவனுக்கு போன் போட்டேன். துரைசாமி சப்வே பக்கத்துல டீ. “எனக்கு ஆதங்கம்டா, வேற ஒண்ணும் இல்ல”ன்னேன். அவன் டம்ளரை வெச்சுட்டு சொன்னான், “நீ என் மேல கோபமா இருக்கேன்னு நெனச்சேன் மச்சி. பத்து நாளா சரியாத் தூங்கலை.”

பாருங்க, நான் வெச்ச பேரும் தப்பு, அவன் வெச்ச பேரும் தப்பு. நடுவுல பத்து நாள் நட்பு வேஸ்ட்!

அதனால, அடுத்த தடவை ‘மூட் அவுட்’னு சொல்ல வாய் வந்தா ஒரு நிமிஷம் நிறுத்துங்க. கோபமா, வருத்தமா, கவலையா, அவமானமா, ஆதங்கமா? சரியான பேரைக் கண்டுபிடிச்சுட்டு, அப்புறமா அந்த போனை எடுங்க. அந்தப் பக்கம் யாரோ தூங்காம இருக்கலாம்!