பழைய மாத்திரை, புது நோய்: டெக்சாமெதசோன் யாரைக் காப்பாற்றியது?

திண்டுக்கல் மெடிக்கல் ஷாப்களில் பல வருஷமாக இருக்கும் மருந்துதான் டெக்சாமெதசோன். ஆஸ்துமா, அலர்ஜிக்குக் கொடுக்கும் மலிவான ஸ்டீராய்டு. புது மருந்து வர ஆண்டுக்கணக்கில் ஆகும். அதனால்தான் கொரோனாவுக்குப் பழைய மருந்துகளையே ஆய்வாளர்கள் முதலில் சோதித்தார்கள்.

2020 ஜூனில் பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு சொன்னது இது: வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை டெக்சாமெதசோன் சுமார் மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு? பலன் இல்லை. மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் அதே ஆய்வில் தோற்றது.

ஏன் இந்த வித்தியாசம்? ஸ்டீராய்டு வைரஸைக் கொல்லாது. எல்லை மீறிய எதிர்ப்பு சக்தியால் நுரையீரலில் வரும் அழற்சியை அடக்கும். லேசான காய்ச்சலிலேயே போட்டால், வைரஸோடு சண்டை போடும் சக்தியையும் அமுக்கிவிடலாம், சுகரும் எகிறும். 2021 கருப்புப் பூஞ்சை பாதிப்புக்கு, கட்டுப்பாடில்லாத ஸ்டீராய்டும் சர்க்கரை நோயும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டைக் காட்டி நீங்களும் வாங்கிப் போடாதீங்க.