அடிக்கடி நிமோனியாவா? தூசியை மட்டும் குறை சொல்லாதீர்கள்!

சளி, இருமல் என்று ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் எங்கள் பக்கத்தில் காரணம் தயாராக இருக்கும்: தூசி. சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் என்று எங்கே திரும்பினாலும் பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். கரிசல் புழுதி வேறு. சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் தன் நாலு வயதுப் பையனைக் கொண்டுவந்தபோதும் இதையேதான் சொன்னார். "மருந்துத் தூசிதான் சார். அவுக பட்டாசு ஆபீஸ்ல போர்மேன். அந்தச் சட்டையோடயே பிள்ளையத் தூக்குறாக."

நானும் நம்பினேன். ஆடாதோடை மணப்பாகு, தாளிசாதி சூரணம் என்று எட்டு மாதம் கொடுத்தேன். கொஞ்சம் அடங்கும். மறுபடி காதில் சீழ், மறுபடி நிமோனியா, மதுரையில் அட்மிஷன். எங்கள் எண்வகைத் தேர்வில் நாக்கைப் பார்ப்பதும் ஒன்று. ஒருநாள் நாக்கோடு நிறுத்தாமல் டார்ச் அடித்துத் தொண்டை வரை பார்த்தேன். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு டான்சில் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் மாதிரி புடைத்து நிற்கும். இங்கே வழித்துவிட்ட மாதிரி ஒன்றுமே இல்லை.

"ஆபரேஷன் பண்ணி எடுத்தீங்களாம்மா?"

"இல்லையே சார்."

அடுத்த கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். "பையனுக்குத் தாய்மாமன் உண்டா?"

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஒரு தம்பி இருந்தான் சார். மூணு வயசுல நிமோனியாவுல போயிட்டான். இவனுக்குக் காது குத்தக்கூட எங்க பெரியம்மா மகன் மடியிலதான் உக்கார வச்சோம்."

மதுரைக் குழந்தை மருத்துவருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். இரத்தப் பரிசோதனையில் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். மூன்றுமே அடிமட்டம். அவற்றைத் தயாரிக்கும் பி செல்களும் இல்லை.

இந்த நோயை முதலில் கண்டுபிடித்தவர் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் இருந்த ஆக்டன் புரூட்டன். 1952-ல் திரும்பத் திரும்பக் கிருமித் தாக்குதலுக்கு ஆளான 8 வயதுப் பையன் ஒருவனின் இரத்தத்தில் காமாகுளோபுலின் என்ற புரதமே இல்லை என்று கண்டார். கிருமியைப் பிடித்து மடக்கும் ஆன்டிபாடி எல்லாம் இந்தப் புரதத்தில்தான் அடங்கும். அதையே ஊசியாகப் போட, பையன் தேறினான். காரணமான மரபணு 1993-ல் தெரிந்தது. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றிவிடும். ஆணுக்கு ஒன்றுதான். எனவே தாய் நன்றாகத்தான் இருப்பாள். அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் சரிபாதி வாய்ப்பு. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக வருவதும் உண்டு. "சொந்தத்தில் கட்டியதால் வந்தது" என்பது இந்த நோய்க்குப் பொருந்தாது. தாய், தகப்பன் இரு பக்கமும் சேர்ந்து தரும் வேறு சில அபூர்வ வகைகளுக்கே பொருந்தும். மாமியார்கள் தயவுசெய்து மருமகளைக் கரித்துக்கொட்ட வேண்டாம். அந்தப் பெண் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

முதல் ஆறு மாதம் பிள்ளை கொழுகொழு என்றுதான் இருக்கும். கருவிலேயே தாய் கொடுத்த ஆன்டிபாடி காக்கும். அது கரைந்த பிறகே காதுச் சீழ், நிமோனியா, வயிற்றுப்போக்கு, மூட்டு வீக்கம் என்று ஆரம்பிக்கும். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. விடால் மாதிரி ஆன்டிபாடியைத் தேடும் பரிசோதனைகள் இவர்களுக்குப் பொய்யாக 'இல்லை' என்று காட்டும். சாதாரண லிவர் டெஸ்டில் குளோபுலின் அளவு குறைந்திருந்தால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

"நிலவேம்பு, சியவனப்பிராசம் கொடுத்து எதிர்ப்பு சக்தியை ஏற்றலாமே?" என்று கேட்பீர்கள். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன் சொல்கிறேன்: தறியே இல்லாத வீட்டில் நூலைக் குவித்து என்ன பயன்? ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவில் இருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆயுள் முழுக்க ஏற்ற வேண்டும். கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு 4 முதல் 6 கிராம். 30 கிலோ ஆனால் அதுவே மூன்று மடங்கு. செலவு நடுத்தரக் குடும்பத்தை அசைத்துவிடும். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் இந்த நோயும் இருக்கிறது, சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற அங்கீகரித்த மையங்களில் பதிய வேண்டும். தாமதித்தால் நுரையீரல் குழாய்கள் விரிந்து பாழாகும். அதைத் திரும்பப் பெற முடியாது.

இதன் உறவுக்கார நோய்களும் உண்டு. ஒரு வகை இருபது, முப்பது வயதில், ஆண் பெண் இருவருக்குமே வரும். ஐ.ஜி.ஏ. மட்டும் குறைந்தவர்கள் பெரும்பாலும் தொல்லையின்றி வாழ்கிறார்கள். சில குழந்தைகளுக்கு ஆன்டிபாடி உற்பத்தி தாமதமாகத் தொடங்கித் தானே சரியாகிவிடும். வகையைப் பிரித்துச் சொல்ல நிபுணர் வேண்டும்.

போலியோ சொட்டு மருந்தில் உயிருள்ள கிருமி இருப்பதால் இந்த நோயுள்ள பிள்ளைக்கு அது ஆகாது. அதே வீட்டில் உள்ள மற்ற பிள்ளைகளுக்கும் ஊசி மருந்துதான். இதைப் படித்துவிட்டு மற்றவர்கள் சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

அந்தப் பையன் இப்போது மாதம் ஒருமுறை மதுரைக்கு பஸ் ஏறுகிறான், பள்ளிக்கும் ஒழுங்காகப் போகிறான். அவன் சித்திக்கு இது ஏழாம் மாதம். பரிசோதனையில் அவளும் அந்த மரபணுவைச் சுமப்பது தெரிந்துவிட்டது. ஆண் குழந்தை என்றால் பிறந்ததுமே பி செல் எண்ணிக்கை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஐ.ஜி.ஜி. மட்டும் பார்த்தால் தாயுடையதைக் காட்டி ஏமாற்றிவிடும்.