காவல் நாய்க்கு வரும் கொடிய ரத்தச்சோகை: வீட்டாரும் ஊராட்சியும் செய்ய வேண்டுவன

ஆட்டுப் பட்டியையும் தோட்டத்தையும் களத்துமேட்டையும் காப்பதற்கு நம் குடியானவர்கள் நாய் வளர்க்கிறார்கள். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என ஊர்ப் பெயர்களாலேயே நாய் இனங்கள் வழங்கப்பெறுவது, நம் நாட்டுப்புற வாழ்வில் இப்பிராணிக்கு உள்ள இடத்தைக் காட்டும். எனினும், மாட்டுக்குக் கோமாரி என்றவுடன் வைத்தியசாலைக்கு விரையும் நாம், நாய் சோர்ந்து படுத்தால் தானே எழுந்துவிடும் என்று இருந்துவிடுகிறோம். அவ்வாறு இருந்துவிட்டால் சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடிய நோய் ஒன்று உண்டு. அது யாது, அதனின்று மீளும் நாயை வீட்டில் எங்ஙனம் பேண வேண்டும் என்பவற்றை இங்கு எடுத்துரைப்போம்.

நோயின் தன்மை

உடலுக்குள் புகும் கிருமிகளை அழிப்பதற்கென்று ஒவ்வொரு பிராணிக்கும் நோய் எதிர்ப்பு ஆற்றல் அமைந்திருக்கிறது. ஊர்க் காவலர் திருடனைப் பிடிப்பதை விடுத்து ஊராரையே அடிக்கத் தொடங்கினால் எப்படியிருக்கும்? அதுபோல, இவ்வாற்றல் தன் உடலின் ரத்தச் சிவப்பணுக்களையே பகையென்று எண்ணி அழிக்கத் தொடங்குவதே இந்நோய். நாயின் சிவப்பணு ஒன்று இயல்பாக ஏறத்தாழ 110 நாட்கள் வாழும். இந்நோயிலோ அவை மண்ணீரலிலும் கல்லீரலிலும் சில நாட்களிலேயே அழிந்துபோகின்றன. உடல் புதிய அணுக்களை உண்டாக்கும் வேகம் இவ்வழிவுக்கு ஈடுகொடுப்பதில்லை.

சில நாய்களுக்கு இந்நோய் காரணம் அறிய இயலாமல் வருகிறது. வேறு சிலவற்றுக்கு வேறொரு நோய் தூண்டுதலாக அமைகிறது. நம் நாட்டில் முதலில் ஐயுற வேண்டியது உண்ணிக் கடியால் பரவும் பாபேசியா, எர்லிக்கியா ஆகிய ரத்தக் கிருமிகளையே.

அறிகுறிகள் எளியவை. நாய் இரை எடுக்காது. சிறிது தூரம் நடந்தாலும் இளைக்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருக்கும், அல்லது மஞ்சள் பூத்திருக்கும். சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ கடும் மஞ்சளாகவோ இறங்கும். எலிக்காய்ச்சலாலும் நாய்க்குக் காமாலை வருவதுண்டு. அது மனிதருக்கும் தொற்றும். ஆதலால் நோய் இன்னதென்று தெளியும்வரை அதன் சிறுநீரை வெறுங்கையால் தொடலாகாது. நாம் இங்கு கூறும் ரத்தச்சோகை மனிதருக்கோ ஆடு மாடுகளுக்கோ ஒட்டுவதன்று.

மருத்துவர் செய்வது

மருத்துவர் ரத்தத்தைச் சோதித்து, நூறு பங்கில் சிவப்பணு எத்தனை பங்கு என்று கணக்கிடுவார். நலமுள்ள நாய்க்கு இது ஏறத்தாழ 37 முதல் 55 வரை இருக்கும். மிகவும் தாழ்ந்து, நாயும் தளர்ந்துவிட்டால் வேறொரு நாயின் ரத்தத்தை ஏற்ற வேண்டிவரும். பின்னர், தடம் மாறிய எதிர்ப்பு ஆற்றலை அடக்குவதற்குப் பிரெட்னிசோலோன் என்னும் மருந்தைப் பெரும்பாலும் கொடுப்பார். உண்ணிக் கிருமி காணப்பட்டால் அதற்குரிய மருந்தும் சேரும்.

சிகிச்சை பெறும் நாய்களிலும் ஒரு பகுதி இறந்துபோவது உண்மை. அவற்றுள் பெரும்பாலானவை முதல் இரண்டு வாரங்களிலேயே இறக்கின்றன. ரத்தம் உறைந்து நுரையீரலில் அடைத்துக்கொள்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகையால் உறைவைத் தடுக்கும் மருந்தும் தரப்படும். அதைத் தேவையற்றதென்று ஒதுக்கலாகாது.

மாத்திரையை நிறுத்தாதிருத்தல்

இவ்விரு வாரங்களைக் கடந்த நாய் வீடு திரும்பும். இரை எடுக்கும்; வாலாட்டும்; பழையபடி குரைக்கும். குணமாகிவிட்டதென்று கருதி வீட்டார் மாத்திரையை நிறுத்துவது இந்நேரத்தில்தான். இதனினும் பெரிய தீங்கு வேறில்லை. நோய் அடங்கியிருக்கிறதேயன்றி அகலவில்லை. மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அழிவு மீண்டும் தொடங்கக்கூடும். அன்றியும், பல வாரங்கள் இம்மருந்தை உண்ட உடல், தானே சுரக்க வேண்டிய அவசியமான சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும். ஆகவே திடீர் நிறுத்தம் தனியாகவும் ஆபத்தை விளைவிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 20 கிலோ எடையுள்ள நாய்க்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் தொடங்கப்படுவதாகக் கொள்வோம். ரத்த அளவு உயர்ந்து இரண்டு வாரங்கள் நிலையாக நின்ற பின்னரே கால் பங்கு குறைத்து 30 மில்லிகிராம் ஆக்குவர். மேலும் இரண்டு மூன்று வாரங்கள் சென்று, ரத்தத்தை மறுபடி சோதித்து, அடுத்த கால் பங்கைக் குறைப்பர். இவ்வாறு படிப்படியாக இறங்கி மருந்தை விடுவதற்கு மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை செல்லும். இக்கணக்கு முறையை விளக்குவதற்காக மட்டுமே கூறப்பட்டது. அவரவர் நாய்க்குரிய அளவை மருத்துவரே விதிக்க வேண்டும்.

சுவரில் மாட்டிய நாட்காட்டியில் அன்றன்று மாத்திரை கொடுத்ததும் குறியிட்டு வருவது நல்ல வழக்கம். மாத்திரை கொடுக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவரே ஏற்க வேண்டும். இல்லையேல் இருவர் கொடுத்துவிடுவதும், ஒருவருமே கொடாது விடுவதும் நேரும்.

வீட்டில் பேணும் முறை

இம்மருந்தை உண்ணும் நாய்க்குத் தாகமும் பசியும் மிகும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், மூச்சிரைக்கும், வயிறு தொங்கும், தொடைச் சதை வற்றும். மருந்து குறையக் குறைய இவை பெரும்பாலும் மாறிவிடும். தண்ணீரை ஒருபோதும் மறைத்து வைக்கலாகாது. இரவில் ஒருமுறை வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். பசிக்கிறதே என்று அளவின்றி இரையிட்டு உடல் பெருக்கவிடவும் கூடாது.

சோற்றுடன் வேகவைத்த முட்டையோ எலும்பு நீக்கி வேகவைத்த இறைச்சியோ சேர்த்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பச்சை இறைச்சி ஆகாது. எதிர்ப்பு ஆற்றல் அடங்கியுள்ள காலத்தில் அதிலுள்ள கிருமிகள் எளிதில் பற்றும். வெங்காயமும் பூண்டும், வெந்தவையாயினும், நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் இயல்புடையவை. ஆகவே மிஞ்சிய சாம்பார்ச் சோறும் குழம்புச் சோறும் இந்நாய்க்கு இடலாகாது.

மனிதருக்கான வலி மாத்திரை எதையும் தாமாகக் கொடுத்தல் கூடாது. அவற்றுட் பல, பிரெட்னிசோலோனுடன் சேரும்போது குடலைப் புண்ணாக்கி ரத்தம் கசியச் செய்யும்.

நாள்தோறும் காலையில் ஈற்றின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நாய் உறங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும். 30-க்குள் இருப்பது இயல்பு. ஈறு மீண்டும் வெளுத்தாலும், திடீரென்று மூச்சுத் திணறினாலும், மலம் தார்போலக் கறுத்தாலும், காய்ச்சல் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கோரலாம்.

ஊராட்சி செய்ய வேண்டுவன

உண்ணி ஒழிப்பை ஒரு வீட்டார் மட்டும் செய்து பயனில்லை. நாய் உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. சுவர் வெடிப்பிலும் தொழுவத்து இடுக்கிலும் கழிக்கிறது. ஒரு பெண் உண்ணி அவ்விடுக்குகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகையால் தெருவில் உள்ளோர் யாவரும் ஒரே காலத்தில் வெடிப்புகளைப் பூசி, குப்பையை அகற்றி, மருத்துவர் கூறும் உண்ணி மருந்தை நாய்களுக்கு இட வேண்டும். வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை நாயின் மேல் தெளிப்பது பெருங்கேடு.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாமை ஊராட்சி நடத்தும்போது, இச்சிகிச்சையில் உள்ள நாய்களின் உரிமையாளர் அதனை முன்னதாகவே மருத்துவரிடம் தெரிவிக்குமாறு அறிவிக்க வேண்டும். ஊசியை எப்போது போடுவது என்று அவர் முடிவு செய்வார், போடாமலே விட்டுவிடலாகாது.

மற்றொன்றும் கூறத்தக்கது. 1903-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்கான ரத்த வங்கி உண்டு. ஆயினும் தொலைவிலுள்ள கிராமத்துக்கு அவசர வேளையில் அது எட்டுவது அரிது. நலமும் சாந்தமும் உள்ள, தடுப்பூசி போடப்பெற்ற, 25 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள நாய் ஒருமுறைக்கு ஏறத்தாழ 450 மில்லிலிட்டர் ரத்தம் தீங்கின்றி அளிக்கும். அத்தகைய நாய்களின் பட்டியல் ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் வைத்து, அதன் படியை அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் கொடுத்து வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. ரத்தம் பொருந்துமா என்பதைச் சோதித்து அவர் முடிவு செய்வார்.

நோயை அடக்குவது மருத்துவரின் கையில் உள்ளது. அடங்கிய நோய் மீண்டும் தலைதூக்காதபடி மாதக்கணக்கில் காப்பது வீட்டாரின் கையில் உள்ளது. நாய் எழுந்து நடக்கத் தொடங்கிய பின்னரும் மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் தவணை தவறாதிருப்பவர்கள், தங்கள் பட்டிக் காவலனை மீண்டும் பட்டிக்குக் கொண்டுவரும் வாய்ப்பைப் பெரிதும் கூட்டிக்கொள்கிறார்கள்.