ஆணி இல்லாத படகு!

தாம்பரம், மேடவாக்கம் பக்கம் இருக்கும் குட்டீஸ், நீலாங்கரை, கோவளம் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கெல்லாம் மீனவர்கள் காலங்காலமாக ஓட்டிய படகு, கட்டுமரம்!

புதுக் கட்டுமரத்தைக் கடலில் இறக்கும் முன் எப்படித் தயார் செய்வார்கள் தெரியுமா? லேசான மரத்தடிகளைச் செதுக்கி, மணலில் வரிசையாக அடுக்குவார்கள். முன்பக்கம் மூக்கு போல மேலே வளைந்திருக்கும். பிறகு கயிற்றால் சுற்றி இறுக்கிக் கட்டுவார்கள். ஓர் ஆணிகூடக் கிடையாது! பாயும் துடுப்பும் ஏற்றினால் படகு ரெடி.

ஏன் கயிறு? அலை மோதும்போது கட்டு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். உள்ளே வரும் தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். கரை திரும்பியதும் கட்டுகளை அவிழ்த்து, மரங்களைப் பிரித்துக் காய வைப்பார்கள். தண்ணீரில் ஊறினால் மரம் கனத்துவிடுமே!

ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர், 1697-ல் வெளியான தன் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 'கேட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான்!

2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின, கட்டுமரங்கள் குறைந்துவிட்டன. அடுத்த முறை கடற்கரைக்குப் போனால், வயதான மீனவத் தாத்தா யாரிடமாவது அந்தக் கட்டைப் போடச் சொல்லிக் கேளுங்கள். கை பழகினால்தான் வரும் அந்த வித்தை!