ஐப்பசியில் அழுகும் ஓமவல்லி

தஞ்சாவூர்ப் பக்கம் கற்பூரவல்லி என்றால் பலருக்கு வாழைதான் ஞாபகம் வரும். நான் சொல்வது இலையை, ஓமவல்லியை. இப்போ மாடித்தோட்ட நண்பர்கள் சிலர் 'தைம்' விதை வாங்கித் தொட்டியில் போட்டுப் பார்க்கிறாங்க. அது மத்தியதரைக் கடலோரத்துக் கல்லுமண் செடி. அதில் வாசனை தருகிற தைமால், கார்வக்ரால் இரண்டுமே நம்ம ஓமவல்லியிலும் இருக்கு. இரண்டும் துளசிக் குடும்பம். இரண்டையும் சாகடிப்பதும் ஒன்றுதான்: வேரடியில் நிற்கிற தண்ணீர்.

நெல் போட்ட கை, செடி வாடினால் உடனே தண்ணீர் கட்டும். ஓமவல்லி தண்டிலும் தடித்த இலையிலும் நீரைச் சேர்த்து வைக்கிற செடி. ஐப்பசி அடைமழையில் நம்ம களிமண் ஊறிக் கிடக்கும்போது வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகிப்போகும். அழுகின வேர் நீரை இழுக்காது, அதனால் இலை தொங்கும். அதைப் பார்த்து இன்னும் ரெண்டு குடம் ஊற்றினால் கதை முடிஞ்சுது. சளி, இருமலுக்கு இலை தேடுகிற நேரத்தில் செடி இருக்காது.

விரலை ரெண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தும் இலை தொங்கி, அடித்தண்டு கறுத்துக் கொழகொழன்னு இருந்தால் அது அழுகல்தான். அந்த வேரைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம். கறுப்பு ஏறாத நுனியில் அரைச் சாண் நீளம் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, ஒருநாள் நிழலில் காயவிட்டு மணலில் ஊன்றுங்க. ரெண்டு மூணு வாரத்தில் வேர் பிடிக்கும். பழைய குழியில் திரும்ப நடாதீங்க.

நிரந்தர வழி மேட்டுப்பாத்திதான். ஒரு அடி உயரம், களிமண்ணோடு அதே அளவு மணல், கொஞ்சம் மக்கிய எரு. தாழ்வாரத்துச் சொட்டு விழுகிற இடம் ஆகவே ஆகாது. புரட்டாசியிலேயே ரெண்டு குச்சியை அடியில் ஓட்டை போட்ட தொட்டியில் நட்டுத் திண்ணையில் வைத்துவிட்டால், தோட்டத்துச் செடி போனாலும் விதைக்குச்சி மிஞ்சும்.

செடி நெடுநெடுவென்று போய் வாசனை குறைந்தால் வெயில் பத்தலை, அல்லது எரு அதிகம். நுனியைக் கிள்ளிவிட்டு, எருவை நிறுத்துங்க.

கோடையில் மாவுப்பூச்சி வரும். எறும்பு ஏறுகிறதா என்று முதலில் பாருங்க. அதுதான் பூச்சிக்குக் காவல். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போயிடும். மீதிக்கு 10 லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் காதி சோப்பு சேர்த்துச் சாயந்திரம் தெளிக்கலாம். அப்புறம் ஒரு வாரம் இலை பறிக்க வேண்டாம், கசக்கும்.