எந்தச் சூட்டில் எது பற்றும்?

மண்ணெண்ணெய் ஸ்டவ், கேஸ் அடுப்பு, விறகடுப்பு மூன்றும் மாறி மாறிப் பயன்படும் வீடுகள் நம் மஹல்லாக்களில் இன்னும் உண்டு. எல்லாவற்றையும் எரிபொருள் என்றே சொல்கிறோம். ஆனால் எல்லாம் ஒரே சூட்டில் பற்றுவதில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் வெந்துபோகிறவர்களில் அடுப்படியில் நிற்கும் நம் பெண்கள் அதிகம். ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறோம்.

எண்ணெய் நேராக எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. காற்றில் போதிய ஆவி கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். அந்த அளவு ஆவி எழுவதற்கு வேண்டிய மிகக் குறைந்த வெப்பநிலைக்கு ஃப்ளாஷ் பாயிண்ட் என்று பெயர். பெட்ரோலுக்கு இது பூச்சியத்துக்கும் கீழே சுமார் 40 டிகிரி செல்சியஸ். அதாவது ஊட்டியின் மார்கழிக் குளிரிலும் அது பற்றத் தயாராகவே இருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டுத் தர விதி.

இந்த 35 என்ற எண்ணைக் கவனியுங்கள். சித்திரை, வைகாசியில் வேலூரிலும் திருச்சியிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. தகரக் கூரையின் கீழே இன்னும் கூடுதல். மழைக்காலத்தில் சாதுவாக இருந்த அதே மண்ணெண்ணெய் கேன், கோடை மதியத்தில் வேறு பொருளாகிவிடுகிறது. எரியும் ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றக் கூடாது, அணைத்து ஆறிய பிறகே ஊற்ற வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னதன் காரணம் இதுதான்.

மண்ணெண்ணெயில் சிறிது பெட்ரோல் கலந்தாலே போதும், ஃப்ளாஷ் பாயிண்ட் சரிந்துவிடும். பெட்ரோல் இருந்த கேனைக் கழுவாமல் மண்ணெண்ணெய் வாங்கி வருவதும் கலப்படமே. இது பழைய கதை. 19-ஆம் நூற்றாண்டில் லேசான எண்ணெய் கலந்த மண்ணெண்ணெயால் விளக்குகள் வெடித்துப் பலர் மாண்டனர். பிரிட்டனில் ஃப்ரெடெரிக் ஏபல் என்ற வேதியியலாளர் வகுத்த சோதனை 1879-இல் சட்டத்தில் ஏறியது. அதில் வைத்த எல்லை 73 டிகிரி ஃபாரன்ஹீட், ஏறக்குறைய 23 டிகிரி செல்சியஸ். நம் நாட்டுப் பெட்ரோலியச் சட்டமும் 23 டிகிரிக்குக் கீழே ஃப்ளாஷ் பாயிண்ட் உள்ளவற்றையே மிக ஆபத்தான முதல் வகுப்பில் வைத்திருக்கிறது.

கலியாண பிரியாணிக்கும் நோன்புக் கஞ்சிக்கும் தேக்சா ஏற்றும் இடங்களில் நாம் பார்க்கும் ஒரு பழக்கம் கவலை தருகிறது. விறகு ஈரமாக இருந்தால் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றுவது. ஈரம் முழுக்க ஆவியாகும்வரை விறகின் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. விறகு பற்றவோ 250, 300 டிகிரி வேண்டும். ஊற்றிய எண்ணெய் மேலோடு எரிந்து தீரும், விறகு கரும்புகை விடும். பிறகு அணைந்ததென்று நினைத்துக் கங்கின் மேல் இரண்டாம் முறை ஊற்றும்போதுதான் விபரீதம். கங்கின் சூட்டில் எண்ணெய் அந்தக் கணமே ஆவியாகி, தீ கேன்வரை ஏறி வரும். அனுபவமுள்ள பண்டாரிகள் காய்ந்த தென்னை மட்டையை வைத்துத்தான் தொடங்குவார்கள்.

இன்னொரு வெப்பநிலையும் உண்டு. பொறியே இல்லாமல், சூட்டினால் மட்டும் தானே பற்றும் நிலை. இங்கே கணக்கு தலைகீழ்: டீசல் சுமார் 210 டிகிரியில் தானே பற்றும், பெட்ரோலுக்கு 250-க்கு மேல் வேண்டும். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லாதது இதனால்தான். சமையல் எண்ணெய் இந்த வகையில்தான் ஆபத்து. சமோசா பொரிக்க 180 டிகிரி போதும். 230 வாக்கில் புகையும். புகையைக் கண்டும் அடுப்பை அணைக்காமல் போனால், 360 டிகிரியை நெருங்கும்போது தானே தீப்பிடிக்கும். அப்போது தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் போய், ஒரே கணத்தில் 1,700 மடங்கு நீராவியாக விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசும். அடுப்பை அணைத்து, சட்டியை நகர்த்தாமல், பொருத்தமான மூடியால் மூடி, நன்றாக ஆறும்வரை திறக்காமல் விடுங்கள்.

கேஸுக்கு எந்தச் சூடும் வேண்டாம். அது ஏற்கெனவே ஆவி. காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றும். காற்றைவிடக் கனமானதால் தரையோடு தங்கும். ஸஹருக்கு எழுந்து அடுப்படிக்குள் போகும்போது வாடை வந்தால் லைட் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். தீப்பிடித்திருந்தால் 101.